நூற்றுக்கு அறுபத்திரண்டு

என் வாழ்நாளில் நான் ஒரே ஒருத்திக்குத்தான் பரீட்சை வைத்திருக்கிறேன். அதிலும் நேர்மையாக மார்க் போடவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. பரீட்சைக்கு உட்கார்ந்தவள் என் சின்னம்மா, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. பாடம் மலாய்.

சின்னம்மா கல்யாணமாகி மலாயாவுக்குப் போனவள். உறவில் ஒரு கல்யாணத்துக்காகச் சித்தப்பாவோடு கப்பலில் வந்திருந்தாள். திரும்ப நான்கு நாள் இருக்கும்போது அம்மா கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். புத்தூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டு வந்தார்கள். மூங்கில் பத்தையும் துணியுமாக அம்மா கட்டிலோடு கிடந்தாள். தூக்கி உட்காரவைக்கவும் துடைத்துவிடவும் வீட்டில் வேறு பெண் துணை இல்லை. சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாகக் கப்பலேறினார். போகும்போது ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதில் நூறு மலாய் வார்த்தைகளும் எதிரே தமிழும் இருந்தன. பிந்து என்றால் கதவு, ஹூஜான் என்றால் மழை, தூலாங் என்றால் எலும்பு. அங்கே குடியுரிமை வேண்டுமென்றால் மலாய் தெரிய வேண்டும், அதிகாரி முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும் என்றார். எண்பது வார்த்தை தேறியதும் கடிதம் போட்டால் கப்பலுக்கு டிக்கெட் அனுப்புவதாக ஏற்பாடு. சின்னம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே கேள்வி கேட்பதும் மார்க் போடுவதும் கடிதம் எழுதுவதும் என் பொறுப்பாயின.

எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். எல்லை பிரித்ததில் ஊர் அசையாமல் இருக்க, நாங்கள் மட்டும் ஆந்திராவுக்குப் போய்விட்டோம். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த தெலுங்கு ஐயவாரு தினமும் பத்து வார்த்தை கேட்பார். தெரியாவிட்டால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். பாதிப் பகல் பெஞ்சு மேலேயே கழித்தவள் நான். சாயங்காலம் சின்னம்மா முன்னால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது நானே ஐயவாருவாக இருந்தேன்.

சின்னம்மா பத்தே நாளில் எழுபதைத் தொட்டாள். அவள் போய்விட்டால் எனக்குத் தலை பின்னுவது யார்? கருவாட்டுக் குழம்பு வைப்பது யார்? அம்மாவின் நினைப்பு எனக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று அவள் "பூலாங்னா வூட்டுக்குத் திரும்பிப் போறது" என்று சரியாகச் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "தப்பு" என்றேன்.

சின்னம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"தப்பா? சரி, ஐயவாரு சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்க சித்தப்பாவுக்கு எழுதிப் போடு கண்ணு, அறுபத்திரண்டுதான் வந்திச்சின்னு."

ஒரு தப்புக்கு எட்டு மார்க் எப்படிக் குறைந்தது என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு எல்லா வாரமும் அறுபத்திரண்டுதான். சித்தப்பாவின் பதிலில் சூடு ஏறிக்கொண்டே போனது. ஒரு மாட்டுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாலும் இதற்குள் தேறியிருக்கும் என்று எழுதியிருந்தார். நான் படித்துக் காட்டியதும் அக்காளும் தங்கையும் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குக் கட்டு வலித்தது. ஒருநாள் நெல்லை மேய்ந்த பக்கத்து வீட்டு ஆட்டைச் சின்னம்மா மூச்சுவிடாமல் மலாயிலேயே திட்டி விரட்டினாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பட்டியலில் இல்லாததால் நான் மார்க் போடவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் அம்மா தடியை ஊன்றிக் கிணறுவரை நடந்து, தானே ஒரு குடம் நீர் இறைத்தாள். அன்று சாயங்காலம் சின்னம்மா கூப்பிட்டாள்.

"காய்தத்த எடுத்துக்கினு வா கண்ணு."

நான் கேட்கும்முன்பே கடைசி வார்த்தையில் தொடங்கி மேல்நோக்கி நூறையும் கடகடவென்று சொல்லி முடித்தாள். என் விரல் பின்தொடர முடியாமல் பாதியில் நின்றுவிட்டது.

"நூறுன்னு எழுது."

அழுதுகொண்டே எழுதினேன். தினமும் தப்பு தப்பு என்று சொல்லி நானே அவளை இப்படி நன்றாகப் படிக்க வைத்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

சின்னம்மா மலாய்க்காரர்கள் நடுவில் பத்து வருஷம் சந்தையில் கீரை விற்றவள் என்பதும், கடையில் சாமான் வாங்கக்கூடச் சித்தப்பா அவளைத்தான் பேசவிடுவார் என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியும். அம்மா சொன்னாள். சந்தையிலும் கடையிலும் பேசுவதையெல்லாம் மொழி என்று ஒப்புக்கொள்ளாத மனிதர், காகிதத்தில் வரும் மார்க்கைத்தான் நம்புவாராம். எழுதத் தெரியாத சின்னம்மாவுக்கு அந்த மார்க்கைக் குறைத்துப் போட்டுத்தர ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் கிடைத்தேன். என் பொய் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமலே அவள் தன் அக்காளை நடக்க வைத்துவிட்டுப் போனாள். அந்தப் புண்ணியவதியை நினைத்தால் இன்றும் கை தானாகக் கும்பிடுகிறது.

அவள் ஊருக்குப் போன அன்று சாலைவரை வழியனுப்பப் போனோம். பஸ் புழுதியில் மறையும்வரை நான் அதையே பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா தடி இல்லாமல் நின்றிருந்தாளாம். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.