பெல்பாட்டம் குதிரை

எங்கள் ஊரில் என் குதிரைகளுக்குப் பெல்பாட்டம் குதிரை என்று பெயர். முழங்காலுக்குக் கீழே தொடங்கும் வெள்ளை முடி குளம்பை மூடிக்கொண்டு தொங்கும். ஐரோப்பாவில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன ரோமானி மக்கள் அந்த வண்டியை இழுக்க வளர்த்த இனம். பெங்களூரில் ஒரு குதிரையேற்றப் பள்ளியை மூடியபோது ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக வாங்கிக்கொண்டு வந்தேன். கங்காதர நெல்லூர் பக்கத்தில் கரும்பு போட வேண்டிய நிலத்தில் கொட்டகை போட்டு, ஃபேன் மாட்டி, இதுவரை நான்கு குட்டிகள் எடுத்தாயிற்று. "மனுசனுக்கே ஃபேன் இல்ல, குதிரைக்கு இன்னாத்துக்கு?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கேட்டவர்கள் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

நாலாவது குட்டிக்குப் பிறகு பெண் குதிரை வியாழக்கிழமைதோறும் திருப்பதிக்குப் போகும். சாமி கும்பிட இல்லை. ஒருமுறை அதை அங்குள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது, மினி லாரி பஞ்சராகி ஒரு இல்லத்தின் வாசலில் நின்றுவிட்டது. நடக்க முடியாத, பேச வராத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இல்லம். டயரை மாற்றி முடிப்பதற்குள் அத்தனை பிள்ளைகளும் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த வியாழன் நானாகவே போனேன். ஆளுக்கு இரண்டு சுற்று, பைசா வாங்குவதில்லை. மூன்று வருஷம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்றால் பொய்.

புதன்கிழமை சாயந்திரம் அதன் நாலு காலுக்கும் ஷாம்பு போட்டுக் கழுவுவேன். அந்த வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டேன். மறுநாள் லாரியிலிருந்து இறங்கும்போது முடி பளிச்சென்று புரள வேண்டும், பிள்ளைகள் பார்த்துச் சிரிக்க வேண்டும். இல்லத்துக்கு வந்திருக்கும் விருந்தாளிகள் பார்த்தாலும் எனக்குக் கசக்காது.

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, கழுவும்போது அது பின்னங்காலைத் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்தது. என் வீட்டுக்காரர் வைக்கோல் போட வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இன்னாம்மே, காலை ஒதைச்சிக்கினே கீது? தீனியும் சரியா துன்னல. நாளைக்கு இட்டுக்கினு போவாத."

"மழைக்கு ஈ மொய்க்குது. புள்ளைங்க காத்துக்கினு இருப்பாங்க."

அவர் வைக்கோலைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். குதிரை விஷயத்தில் என்னிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் பாகாலா தாண்டும் வரை லாரியின் பின்பக்கம் அந்த மிதி கேட்டுக்கொண்டே வந்தது. திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது, டிரைவரிடம் சொல்லவில்லை.

இல்லத்தில் ஒரு பெண் குழந்தை. எட்டோ ஒன்பதோ வயசிருக்கும், பேச்சு வராது. சவாரி முடிந்ததும் குதிரையின் முன்னங்காலருகே உட்கார்ந்து அந்த முடியை விரலால் கோதிக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு விருந்தாளி ஒருவர் இனத்தைப் பற்றிக் கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? சொல்லி முடித்து, அவர் உள்ளே போனபின் திரும்பியபோது, அவள் நகர்ந்து நகர்ந்து பின்னங்காலுக்குப் போயிருந்தாள். கை முடிக்குள் இருந்தது.

குதிரை உதைத்தது. குளம்பு அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போய், பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் பட்டது. ஸ்டூல் இரண்டாகப் பிளந்தது. அந்தப் பெண் பயப்படவே இல்லை, உடைந்த ஸ்டூலைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளைத் தூக்கி அப்பால் உட்கார வைத்தேன்.

சத்தம் கேட்டு வார்டன் அக்கா வந்தார். "கால் தடுக்கி ஸ்டூல் மேல விழுந்துட்டேன் அக்கா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. உண்மை தெரிந்தால் குதிரையை மறுபடி உள்ளே விடமாட்டார் என்பது மட்டும்தான் அப்போது தலையில் ஓடியது.

சனிக்கிழமை கால்நடை டாக்டர் வந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். பின்னங்காலின் முடியை இரண்டாகப் பிரித்து, "சூடண்டி, நீங்களே பாருங்க" என்றார். நாற்றம்தான் முதலில் வந்தது. வெள்ளை முடிக்கு அடியில் தோல் வெடித்து, பொருக்குத் தட்டி, சீழ் கோத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தின்றுகொண்டிருக்கிறது என்றார்.

"கழுவி எப்படிக் காய வைக்கிறீங்க?"

"அதுவே காஞ்சிடும் சார்."

"இவ்ளோ முடி, இந்த மழையில எப்படிம்மா காயும்? வாராவாரம் ஊற வெச்சிருக்கீங்க. இது இன்னைக்கு நேத்து வந்த புண்ணு இல்ல, மாசக்கணக்குல இருக்குது."

நாலு காலிலும் முடியை வழிக்கச் சொன்னார். நானே மெஷினைப் பிடித்தேன். மெஷின் புண்ணின் ஓரத்தில் போகும்போதெல்லாம் அதன் உடம்பு விதிர்விதிர்த்தது, காலை மட்டும் தூக்கவில்லை.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஸ்டூல் இருந்த இடத்தில் அந்தப் பெண்ணின் தலை இருந்தது. குடமுடைந்த மாதிரி அந்தச் சத்தம் வேறு. புதன்கிழமை வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "போய் சொல்லிட்டு வா. வராதன்னு சொன்னா போவ வாணாம், அவ்ளோதான்" என்றார்.

வியாழக்கிழமை குதிரை இல்லாமல் பஸ்ஸில் போனேன். வார்டன் அக்காவின் அறையில் உட்காராமலே சொன்னேன். உதைத்ததை, பொய் சொன்னதை, டாக்டர் பார்த்ததை. போனில் எடுத்திருந்த புண்ணின் படத்தையும் காட்டினேன். கத்துவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஆறிடுச்சி, கூட்டிக்கினு வர்லாம்னு டாக்டர் சொல்லட்டும். நீ சொல்லக் கூடாது" என்றார்.

சரி அக்கா என்றேன். கதவு வரைக்கும் போனபின் கூப்பிட்டார்.

"மாசக்கணக்கா புண்ணுன்னா, அன்னைக்கு ஒரு வாட்டி ஒதைச்சிச்சி. அதுக்கு முன்னாடி எத்தினி வாரம் ஒதைக்காம நம்ம புள்ளைங்கள சுமந்துச்சி?"

வாரமெல்லாம் அந்த ஒரு உதையை நினைத்தே பயந்து செத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்தக் கேள்வி ஒரு தடவைகூட வந்ததில்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை வியாழக்கிழமைகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.