வேலைக்காரியின் வாயை அடைத்த படம்

பி.ஏ. இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பழைய ஆங்கில நகைச்சுவை நாடகம் பாடம். தன்னை மகா அறிவாளியாக நினைத்துக்கொள்ளும் ஒரு பணக்காரர், அவர் வீட்டு வேலைக்காரி, இவர்கள்தான் அதில் முக்கியம். கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்கு அவர் சட்டம் போட்டிருப்பார். ஒருநாள் குளிர்காய நெருப்பு எரியும் கணப்பின் பக்கம் நிற்கும்போது அவருடைய கோட்டு நுனியில் தீப்பிடிக்கும். அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். சூடு பட்டதும் அவர் துள்ளிக் குதித்து, ஏன் சொல்லவில்லை என்று கத்துவார். “ஐயா கேட்கவில்லையே” என்பாள் அவள். அதிலிருந்து மூன்று பக்கத்துக்கு அவரைப் பேச்சிலேயே உரித்தெடுத்துவிடுவாள்.

வகுப்பில் அவளுடைய பாகத்தை வாசித்தவள் நான். தமிழ்வழியில் படித்து, திருவேட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன மீன்காரி மகள். அதுவரை என் உச்சரிப்புக்குச் சிரித்தவர்கள், அன்றுதான் நான் சொன்ன விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

மாதிரித் தேர்வுக்கு முந்தின வாரம், பாடம் எடுத்த மேடம் அந்த நாடகத்தின் திரைப்படத்தை டி.வி.டி.யில் போட்டுக் காட்டினார். படத்து வேலைக்காரி அழகாக இருந்தாள். தட்டேந்தி வந்தாள். இரண்டு முறை அழுதாள். கோட்டில் தீப்பிடித்ததும் பணக்காரரின் மகன் பாய்ந்துவந்து ஜாடித் தண்ணீரை ஊற்றி அணைத்தான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

விளக்கைப் போட்டதும் எழுந்துவிட்டேன். “மேடம், அந்த சீன் எங்க போச்சுங்க?”

“படம்னா நீளம் பாத்துக் குறைப்பாங்கம்மா.”

“மகன் குதிரையில போறத மட்டும் அவ்ளோ நேரம் காட்டுறாங்களே மேடம்?”

“உக்காரு” என்றார்.

சாயங்காலம் பஸ்ஸில், மீன் விற்று முடித்து, காலி அன்னக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மா, “ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்றாள். கதையைத் தமிழில் சொன்னேன். தீப்பிடித்த இடத்தில் அம்மா சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். சிரித்து முடித்ததும், “இதையா எடுத்துட்டானுவ? அப்பறம் என்னத்தடி சிரிப்புப் படம்?” என்று கேட்டாள். என் கோபம் இரண்டு மடங்கானது.

மாதிரித் தேர்வில் அந்தக் காட்சியைப் பற்றியே கேள்வி வந்தது. வகுப்பில் பாதிப்பேர் புத்தகத்தைத் தொடாமல் படத்தை நம்பியிருந்தார்கள். மகனின் வீரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். மேடம் விடைத்தாள்களை மேசையில் போட்டு, “எவ எவ இத எழுதினது? நாடகத்துல எங்க இருக்கு தண்ணி?” என்று கத்தினார்.

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“நீங்க போட்டுக் காட்டுன படத்துலதாங்க மேடம் இருந்துச்சு” என்றேன்.

அந்தப் பருவம் முடியும்வரை அவர் என்னை வாசிக்கச் சொல்லவில்லை.