ஆறாம் அடுக்கும் பதினோரு புள்ளிகளும்

காற்றின் கொந்தளிப்பை அளக்கும் தொழிலில் காற்றோடு மல்லுக்கட்டுவது கொஞ்சம். காகிதத்தோடு மல்லுக்கட்டுவதுதான் அதிகம். எண்களோடு குடும்பம் நடத்தும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போடும் உதவியாளராக இருந்தேன்.

கம்பி

நீளமான மரக்கூண்டுக்குள் விசிறி காற்றைத் தள்ளும். நடுவில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்றைச் சூடாக்கி வைத்திருப்போம். காற்று வேகமாக அடித்தால் கம்பி குளிரும். அந்த ஏற்ற இறக்கம் படச்சுருளில் கோடாகப் பதியும். கம்பி வெளிநாட்டிலிருந்து வர ஐந்து மாதம். ஆய்வு மாணவர் ஜமால் அதைப் பொருத்தி முடித்த அன்றைக்கே கரண்ட் போய், திரும்பி வந்த வேகத்தில் கம்பி அறுந்தது. ஜமால் தரையில் உட்கார்ந்துவிட்டார், பக்கத்தில் நான். கூடத்து ஊழியர் கருப்பையா எட்டிப் பார்த்தார். "ஒரு முடிக்கம்பிக்கா ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீக?"

கண்

அடுத்த கம்பி வந்து அளவெடுத்த பிறகு, படச்சுருளை உருப்பெருக்கி வைத்துப் படித்து, வேகங்களை நோட்டில் எழுதுவது என் வேலை. பிறகு இரண்டு இடங்களின் வேகத்துக்கு உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதை அதாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று ஆறாம் அடுக்கு வரை உயர்த்திச் சராசரி காண வேண்டும். இடங்களுக்கு நடுவே தூரம் கூடக் கூட அந்தச் சராசரி எப்படிக் கூடுகிறது என்பதுதான் கேள்வி. லாக் கட்டம் போட்ட மடக்கைத் தாளில் குறித்தால் சாய்கோடு வரும். அந்தச் சாய்வுதான் விடை.

கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினோடு இரண்டு வருடம் போனது. இடது கண் மங்கியது. கண் வைத்தியர் என்ன வேலை என்று கேட்டார்; சொன்னேன். "கண்ணுக்குத் தெரியாத காத்தைப் பாக்கவா தாயி, இருக்கிற கண்ணைக் குடுக்குறீக?"

பதினொன்று

ஆறாம் அடுக்கில்தான் இடி விழுந்தது. ஆறாயிரம் அளவுகளில் பதினொன்று மட்டும் மிகப் பெரியவை. ஆறாம் அடுக்குக்கு உயர்த்தியதும், மற்றவை எல்லாம் சேர்ந்தும் அந்தப் பதினொன்றுக்கு ஈடாகவில்லை. அவற்றைச் சேர்த்தால் பாடநூல் சொல்லும் சாய்வு வரவில்லை. நீக்கினால் அச்சாக வந்தது.

"காத்து விட்டு விட்டுத்தான் வெடிக்குது சார். இந்தப் பதினொண்ணுதான் விஷயமே" என்று கூடத்துப் பேராசிரியரிடம் சொன்னார் ஜமால். கம்பியில் தூசி பட்டிருக்கும் என்று சொல்லி, பேராசிரியர் என்னிடம் ரப்பரை நீட்டினார். அந்த வேலைதான் எங்கள் வீட்டுக்குச் சோறு. ஜமால் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக அழித்தேன். பேராசிரியர் ஜமாலைப் பார்த்துச் சொன்னார்: "ஆறாயிரம் பேர் ஒண்ணு சொல்றப்போ பதினோரு பேர் பேச்சையா கேக்கிறது?"

பள்ளத்தூர் பஸ்

ஜமால் அந்தச் சாய்வைத் தன் பெயரில் எழுத மறுத்தார். ஆய்வேட்டை முடிக்காமலே போய், பள்ளத்தூரில் பள்ளி வாத்தியார் ஆனார். சில வருடம் கழித்து நூலகத்துக்கு ஒரு வெளிநாட்டு ஆய்விதழ் வந்தது. ஆறாம் அடுக்கில் சாய்வு பாடநூலை விட்டு விலகுகிறது, அபூர்வமாக வரும் பெரிய வெடிப்புகளே காரணம் என்று அதில் போட்டிருந்தது. கையால் பிரதி எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் பஸ் ஏறினேன்.

பள்ளி வாசலில் நின்று இரண்டு தடவை படித்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "நம்ம படச்சுருள் இருக்கா?" என்றார். கூடத்துக்கு வெள்ளையடித்தபோது தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றேன். நோட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "அப்ப, நாம பாத்தோம்னு நாம ரெண்டு பேருந்தான் சொல்லிக்கிறணும், அக்கா."

எழுபதுகளின் கடைசியில் நான் அந்த வேலையை விட்டபோது, என் கணக்கு ஒன்றுகூடப் பாடநூலுக்கு மாறாக வந்ததில்லை என்று நற்சான்று எழுதிக் கொடுத்தார்கள்.