கீறல் விழாத கண்ணாடி

"இதத் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற? அலமாரியத் துடைன்னா துடைக்கணும். கண்ணாடிக் கூட்டத் தொறந்து, 'மாமாவோட கண்ணாடியில ஒரு கீறல்கூட இல்லியே அத்தே'ன்னு கேள்வி. நீ என்ன சிஐடியா?"

மருமகளை இப்படித் திட்டிவிட்டுக் கண்ணாடிக் கூட்டைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் விடுவதாக இல்லை. அதனால் சொல்கிறேன்.

அந்தக் கண்ணாடிக்கு மேல்பூச்சுப் போட்டதே நான்தான். எண்பதுகளில், ஈசூனில் அடுக்குமாடி வீடு கிடைத்த புதிதில், காலாங்கில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக்கான பிளாஸ்டிக் வில்லைகள் அங்கே வரும். பிளாஸ்டிக் லேசானது, ஆனால் துடைத்துத் துடைத்தே கீறல் விழுந்துவிடும். அதற்கு ஒரு மருந்து வைத்திருந்தார்கள். பார்த்தால் தண்ணீர்தான். உள்ளே கண்ணாடிச் சத்தும் பிளாஸ்டிக் சத்தும் கலந்திருக்கும். வெறும் கண்ணாடிப் பூச்சு என்றால் சூட்டில் வெடித்துவிடுமாம். பிளாஸ்டிக் சேர்ந்ததால் வளைந்து கொடுக்குமாம். வில்லையை அதில் முக்கி, மெல்ல மெல்ல மேலே தூக்கி, ஓவனில் வைத்தால் தோல் மாதிரி இறுகிவிடும். பூச்சு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

ஒரு தூசி விழுந்தால் போச்சு. பூ கூடாது, பவுடர் கூடாது, விபூதி கூடாது. இந்தச் சட்டமெல்லாம் எங்கள் சூப்பர்வைசர் போட்டது. மாதா கோயிலுக்குப் போகிற தமிழ்ப் பெண். தவக்காலம் தொடங்குகிற புதன்கிழமை, நெற்றியில் சாம்பலோடு அவளே வந்து நின்றாள். நான் வாசலை மறித்துக்கொண்டேன்.

"எங்க விபூதிக்கு மட்டுந்தான் தடையா தங்கச்சி?"

"இது சர்ச்சுல குடுத்தது, அக்கா."

"மருந்துக்கு அது தெரியாது லா. போய்க் கழுவிட்டு வா."

என் வீட்டுக்காரர் தேக்காவில் ஒரு மசாலா மில்லுக்கு லோரி ஓட்டினார். அந்த வருஷம் லோரி அடிக்கடி எதிலாவது உரசிவிட்டு வந்தது. வீட்டிலும் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

"கார் பார்க் தூணு பக்கத்துல வந்து நிக்குதுடி."

"ஆமா, உங்க அழகப் பாக்க வருது."

அவருடைய கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். கைலி முனையால் தேய்த்துத் தேய்த்து வில்லை முழுக்கக் கீறல். இதுதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். எனக்குத் தெரிந்த கோளாறு அது ஒன்றுதானே. டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுவார். "லைசென்ஸ் போச்சுன்னா அப்புறம் நான் யாருடி?"

அதே பவரில் புது வில்லை வாங்கிக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். விடுமுறையில் குளிர்பெட்டி நின்றுபோய், மருந்து அகர் அகர் ஜெல்லி மாதிரி உறைந்து கிடந்தது. சூப்பர்வைசர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"சுட வச்சா உருகிடாதா தங்கச்சி?"

"உருகாதுக்கா. இது எறுகினா எறுகினதுதான்."

புது மருந்து வந்ததும் முதலில் அவருடைய வில்லைகளைத்தான் முக்கினேன். அவை மேலே ஏறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பெனியில் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் பழைய கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துத் திருகாணியை முடுக்கினால் போதும்.

அங்கேதான் எனக்குக் குறும்பு வந்தது. வில்லைகளை டிஷ்யூவில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினேன். விரலை உள்ளே விட்டுப் பார்த்து என்னைத் திட்டுவார், சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"பளிச்சுன்னு இருக்குடி. எல்லாம் தெரியுது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எதிர் பிளாக்குல என்னா காயுது, சொல்லுங்க பாப்போம்."

"துணிதான். வேற என்னா காயும்?"

அன்று பகலெல்லாம் மழை. எதிர் பிளாக்கில் துணி காயப்போடும் மூங்கில் ஒன்றுகூட வெளியே நீட்டியிருக்கவில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. மெல்ல அவர் மூக்கிலிருந்து சட்டத்தைக் கழற்றினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பாதிக்குமேல் செத்துவிட்டது என்றார்கள். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். அகர் அகர் மாதிரி உறைந்து கிடந்த மருந்துதான் ஞாபகத்துக்கு வந்தது. மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. லோரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று அவர் சாப்பிடவில்லை.

வில்லைகளை நான்தான் மாட்டிவிட்டேன். சாகும்வரை அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தினமும் கைலியால் துடைப்பார். ஒரு கீறல் விழவில்லை.

மாட்டிவிட்ட புதிதில் ஒருநாள், வாசல் நடைபாதையில் பக்கத்து வீட்டுக்காரிகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "என்னாக்கா, அண்ணனுக்குப் புதுக் கண்ணாடியா? நல்லாத் தெரியுதாமா?" உள்ளே அவர் நாற்காலியைத் தேடிச் சுவரைத் தடவும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

"தெரியாம? நான் போட்ட பூச்சு லா," என்றேன். "கண்ணாடி போட்டிருக்கறதே அவருக்குத் தெரியல."