வெள்ளைப் பூ மெம்பர்

என் வீட்டுக்காரர் உட்கார்ந்து சோறு தின்று நான் அதிகம் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பார். சேலத்தில் ஒரு ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார் வேலை. அஸ்தம்பட்டியில் குடியிருந்தோம். வகுப்பிலும் இதே நடைதானாம். பிரெஞ்சுப் புரட்சி நடத்த ஆரம்பித்துவிட்டால் மேசைக்கும் ஜன்னலுக்குமாக அலைவார் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் இந்த மனுஷருக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அதையும் நடந்துகொண்டேதான் குடித்தார்.

அந்தக் கால்களை ஜில்லா போர்டுப் பக்கம் திருப்பியது ஓர் ஆறு. மல்லசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு ஊரில் அவருடைய தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த ஊருக்கும் பெரிய ரோட்டுக்கும் குறுக்கே அந்த ஆறு போகிறது. சித்திரையில் வெறும் மணல். ஐப்பசியில் மாடு இறங்காது. தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவர நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே முன்கூட்டி வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் புறப்பட்டவர்கள், வெள்ளம் வடியட்டும் என்று கரையில் காத்துக் கிடந்தார்கள். வெள்ளம் வடியவில்லை. பிள்ளை வண்டியிலேயே பிறந்து வண்டியிலேயே போய்விட்டது.

அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்றே, "அந்த ஆத்துல ஒரு பாலம் வந்தாகோணும் புள்ள" என்றார். மனு எழுதிப் பார்த்தார், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்துக்கு ஜில்லா போர்டு மெம்பராக நிற்கிறேன் என்று கிளம்பிவிட்டார். எதிர்த்து நின்றவர் அங்கே தலைமுறை தலைமுறையாக வரி வசூலித்து வாழ்ந்த மிட்டாதார். சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதுகிறீர்கள் என்று நான் கத்தினேன். நான் கத்தி எது நின்றிருக்கிறது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. அவர்களிலும் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி. மிட்டாதாருக்குச் சிவப்பு, எங்களுக்கு வெள்ளை. சனி ஞாயிறுகளில் பஸ்ஸிலும் வண்டியிலும் நடையிலுமாக இவர் ஊர் ஊராகப் போவார். நானும் சில ஊர்களுக்குக் கூடப் போனேன். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு.

"ஓட்டைப் போட்டுட்டுச் சும்மா இருந்தறாதீங்க. பாலம் எங்கடான்னு என் சட்டையைப் புடிச்சுக் கேளுங்க. கேக்கறதுக்குத்தான் ஓட்டு!"

மோர் கொடுத்தார்கள், "ஆகட்டுங் சாமி" என்றார்கள். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஜெயித்தார். நானே நம்பவில்லை. நாத்தனார் ஊர்ப் பூசாரி மாலையும் கையுமாக வந்து விஷயத்தைச் சொன்னபோதுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும், பெண் எடுப்பதானாலும், காடு தோட்டம் வாங்குவதானாலும் அம்மன் கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, கும்பிட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வந்த பூதான் அம்மன் வாக்கு. ஓட்டுப் பெட்டியும் வெள்ளை சிவப்பாக வந்து நின்றால் எங்கள் ஜனம் வேறென்ன செய்யும்? போய்ப் பூ கேட்டிருக்கிறார்கள். வெள்ளை வந்திருக்கிறது. சங்கதி ஊருக்கு ஊர் பரவிவிட்டது.

"ஆத்தாளே உங்களை உக்கார வெச்சுட்டாளுங்க!" என்றார் பூசாரி.

இவருடைய முகம் விழுந்துவிட்டது. பூசாரி போனதும் மாலையை ஆணியில் மாட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

"கடவுளே என்னை உக்கார வெச்சுதுன்னு சொன்ன பிரெஞ்சு ராஜாவைப் பத்தி வருசா வருசம் பாடம் நடத்தறனே. யாரு எறக்குனாங்க அவனை? கேள்வி கேட்ட சனம். இப்ப நானே அந்த ராஜா மாதிரி உக்காந்திருக்கறன், பாரு."

"வந்த லட்சுமியை எட்டி ஒதைக்காதீங்க. ஆத்தா குடுத்தா என்ன, ஆடு குடுத்தா என்ன? பாலத்தைக் கட்டுங்க போங்க" என்றேன். எனக்கு அந்த ராஜாவும் தெரியாது, அவனை இறக்கியவர்களும் தெரியாது. கரையில் நின்ற வண்டிதான் தெரியும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! போர்டில் மிட்டாதாருக்கு வேண்டியவர்கள் அதிகம். எஸ்டிமேட் போனது, திரும்பி வந்தது. மண் சரியில்லை என்றார் ஓர் எஞ்சினீயர். அவர் மாறிப் போய் இன்னொருவர் வந்தார். அவருக்கு இடமே சரியில்லையாம். இவர் பள்ளிக்கூடத்துக்கு ஓடு வாங்கிக் கொடுத்தார், கிணறு ஒன்று வெட்டிக் கொடுத்தார். பாலம் மட்டும் வரவில்லை. ஆறு பாட்டுக்கு வருஷா வருஷம் வந்தது.

ஒவ்வொரு மழைக்கும் அந்த ஊருக்குப் போய், கோயில் முன்னால் நின்று, "சொன்னபடி செய்யலை, என்னைக் கேளுங்க" என்பார். அவர்கள் பதறிப்போவார்கள்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? ஆத்தா பாத்து வெச்ச ஆளு. அவ மனசு எறங்கோணுமுங்க."

நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு வந்து அலைவார். "ஒருத்தன்கூட என்னைத் திட்டலை புள்ள."

"நான் திட்டறது பத்தலையா?"

"உனக்கு ஓட்டு இல்லை. கணக்குல சேராது" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், ஆத்திரமாகவும் இருக்கும்.

அடுத்த தேர்தல் வந்தது. அதே மிட்டாதார், அதே சிவப்பு, அதே வெள்ளை. ஓட்டுக்கு முன்னால் நான் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். பூ கேட்கிறார்கள் என்று இருவரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி பொட்டலம் இரண்டையும் அம்மன் முன்னால் போட்டார். கற்பூரம் ஏற்றப் போகும்போது என் பக்கத்திலிருந்து இவள் எழுந்துவிட்டாள். அண்ணன் முன்னால் குரல் உயர்த்தியே பேசாதவள்.

"பூ எதுக்குங்க? பாலம் வந்துச்சா?"

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"பாலம் கட்டறன்னு சொன்னது எங்கண்ணன். ஆத்தா சொல்லலை. வரலீன்னா அவரைக் கேக்கோணும், ஆத்தாளை எதுக்குக் கேக்கறீங்க? எனக்கு ஓட்டில்லை, எங்க ஊட்டுக்காரருக்குத்தான் இருக்குது. ஆனா ஆத்தங்கரையில கெடந்தது நானுங்க!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடப்பிறந்தவளே இப்படியா! முந்தானையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். பூசாரி கற்பூரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஊர்க் கவுண்டர், "புள்ள சொல்றது ஞாயந்தானுங்க" என்றார். அன்றைக்குப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

மிட்டாதாருக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். "இந்தத் தடவை உங்களுக்குப் போடறமுங்க. வர்ற மழைக்குள்ள பாலம் கட்டோணுமுங்க. இல்லீன்னா அடுத்த தடவை உங்களுக்கும் இல்லீங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அந்தக் குடும்பத்தின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற ஜனம்.

அந்தப் பேச்சும் ஊருக்கு ஊர் பரவி, இவர் தோற்றார். சேதி வந்ததும் நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பாலமும் இல்லை, பதவியும் இல்லை, அடித்தது சொந்தத் தங்கை. இவர் உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"தோக்கடிச்சுட்டாங்க புள்ள! பூ கேக்காமத் தோக்கடிச்சுட்டாங்க!"

பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சோறு போடு என்றார். ரசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணி என்ற முறையில் என்னை 'நங்கை, நங்கை' என்று சுற்றி வந்த நாத்தனாரோடு நான் பேச்சை விட்டேன். குழந்தை பிறந்தபோதுகூட எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தேன். மிட்டாதார் பயந்துதான் போயிருக்க வேண்டும். போர்டில் இத்தனை நாள் சரியில்லாத மண்ணும் இடமும் அவருக்குச் சரியாகிவிட்டன. மறு மழைக்குள் பாலம் எழுந்தது. கல்வெட்டில் அவர் பெயர்.

ஐப்பசியில் அந்த ஊருக்குப் போனோம். கீழே ஆறு செக்கச்செவேலென்று ஓடியது. இவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். எதிர்க்கரையிலிருந்து நாத்தனார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் வண்டியில் உட்கார்ந்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் நேரே என்னிடம் வந்து பிள்ளையை என் மடியில் வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"கோவம் போகலீங்களா நங்கை? என்ன பண்றதுங்க. எங்கண்ணனைத் தோக்கடிச்சு வாங்குன பாலமுங்க இது."