பழங்குடியும் முதல் பரிசும்

என் பேரன் படிக்கும் அடையாறு பள்ளியில், ஒன்றாம் வகுப்புக்கு ‘நம் மக்கள், நம் சூழல்’ என்று ஒரு வாரம் கொண்டாடினார்கள். சமூகங்களையும் பழங்குடிகளையும் இயற்கையையும் ஆறு வயதுக்குள் மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அதற்கு மாறுவேடப் போட்டி என்று ஒரே வழியை நம் பள்ளிகள் வைத்திருக்கின்றன.

யார் எந்தச் சமூகம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார் டீச்சர். இந்தியாவில் இது வேறு விதமாக முடிவாகிறது என்று சொல்ல நினைத்தேன். என் பேரனுக்குப் ‘பழங்குடி’ வந்தது. தியாகராய நகரில் வாடகை உடைக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

“ஊட்டியா, அந்தமானா, ஆப்பிரிக்காவா சார்?” என்றார் கடைக்காரர்.

“மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?”

“செட்டு ஒண்ணுதான் சார். மூஞ்சிப் பெயின்ட்ட மட்டும் மாத்திக்கலாம்.”

பிளாஸ்டிக் இலைப் பாவாடை, கோழி இறகு, தெர்மோகோல் ஈட்டி. வாங்கிக்கொண்டோம்.

வருவாய்த்துறையில் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையே நடுவராகப் போட்டார்கள். சொந்தப் பேரன் போட்டியில் இருக்கும்போது தாத்தா நடுவராக இருப்பது முறையல்ல என்று எழுதியே கொடுத்தேன். “ஸோ ஸ்வீட் சார்” என்று டீச்சர் அதை வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டார். பள்ளி வாசல் புங்கமரத்தின் கிளைகளை வெட்டி மேடைக்குத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதன் கீழே நின்று குழந்தைகள் “மரத்தை வெட்டாதே!” என்று கத்தினார்கள். பிறகு பதினோரு பழங்குடிகள் வரிசையாக வந்து “ஊ ஊ” என்றார்கள். எந்த மக்கள் அப்படிப் பேசுகிறார்கள் என்று டீச்சருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கடைசியாக ஒரு சிறுமி. ‘மயிலாப்பூர் மாமி’ அவளுக்கு விழுந்த சீட்டு. அவள் அம்மா மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். அந்த வீட்டு மாமியே தன் ஒன்பது கஜத்தில் பாதியை மடித்து மறைத்து, குழந்தைக்கு மடிசார் கட்டி அனுப்பியிருந்தார். சிறுமி இடுப்பில் கை வைத்து, “ஏன்னா, காபி ஆறிண்டிருக்கு! ஆத்துல நான் ஒருத்திதான் எல்லாத்துக்கும் ஓடிண்டிருக்கேன்!” என்றாள். முன்வரிசைத் தாய்மார்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். முதல் பரிசை நான்தான் கொடுத்தேன். மடிசாரில் அவளை எடுத்த படத்தைப் பெரிதாக்கி வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அந்தச் சிறுமி இருளர் குழந்தை. அந்த வகுப்பில் இருந்த ஒரே பழங்குடி அவள்தான். இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். அரையாண்டுத் தேர்வுக்குள் சாதிச் சான்றிதழ் தராவிட்டால் இடம் போய்விடும் என்று பள்ளி எழுதி வாங்கியிருந்தது. அப்பா கேபிள் பதிக்கும் வேலை செய்கிறவர். விண்ணப்பம் போட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

ஒருநாள் பள்ளி வாசலில் என்னைப் பிடித்தார்.

“சார், விசாரணைக்கு ஆபீஸர் ஸ்கூலாண்ட வந்தாராம். போர்டுல பாப்பா போட்டோவப் பாத்துட்டு, ‘இது ஐயர் வூட்டுப் பொண்ணு மாதிரி கீதே’ன்னு செல்லுல புடிச்சிக்கினு போய்ட்டாரு சார். இப்ப கோட்டாட்சியர் நேர்ல வரச் சொல்லி லெட்டர் வந்துகீது.”

பரிசு கொடுத்தவன் நான். அவரோடும் சிறுமியோடும் கூடப் போனேன்.

கோட்டாட்சியர் இளைஞர். மரியாதையாக உட்கார வைத்தார். சிறுமியின் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி.

“பாம்பு பிடிப்பீங்களா?”

“பாம்பு வந்தா ஃபயர் சர்வீஸுக்குப் போன் அடிப்பேன் சார்.”

“எலி?”

“மருந்து வெப்பேன்.”

“சரி, உங்க பாஷையில ஏதாவது பேசுங்க.”

“இவ்ளோ நேரம் பேசிக்கினு கீறனே சார்.”

அதிகாரி கோப்பிலிருந்து மடிசார் படத்தை எடுத்து வைத்தார். “இதுக்கு என்ன சொல்றீங்க?”

“அது வேஷம் சார்” என்றார் அவர். சிறுமி உடனே எழுந்து இடுப்பில் கை வைத்தாள். “ஏன்னா” என்று தொடங்குவதற்குள் அப்பா வாயைப் பொத்திவிட்டார்.

நான் எழுந்தேன். மனுவோடு இவருடைய கூடப்பிறந்த அண்ணனின் சான்றிதழ் இணைக்கப்பட்டிருக்கிறது. ரத்த உறவின் சான்றிதழ் இருந்தால் முதலில் அதைத்தான் சரிபார்க்க வேண்டும். படிவத்தில் தோற்றத்துக்குக் கட்டம் கிடையாது என்றேன்.

“பார்த்தா கொஞ்சமாவது தெரியணுமில்லையா சார்?”

என் செல்போனில் பேரன் படத்தைக் காட்டினேன். இலைப் பாவாடை, இறகு, ஈட்டி, கறுப்புப் பெயின்ட். “பார்த்தால் தெரிய வேண்டும் என்றால், முதலில் இவனுக்குக் கொடுத்துவிடுங்கள்.”

பக்கத்திலிருந்த எழுத்தர் சிரித்துவிட்டு இருமினார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் அண்ணனின் கோப்பை வரவழைக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு நகர நான் மேலும் மூன்று முறை போய் அந்த எழுத்தர் மேஜை முன் உட்கார்ந்தேன். அரையாண்டுத் தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் சான்றிதழ் வந்தது.

பள்ளி அலுவலகத்தில் அதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். டீச்சர் ஓடி வந்து சிறுமியின் அப்பாவிடம், “சூப்பர் சார்! அடுத்த வருஷம் நீங்களே ஒரிஜினல் டிரஸ் கொண்டுவந்துடுங்க” என்றார்.

“இதான் மிஸ் ஒரிஜினலு” என்று தன் சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினார் அவர். டீச்சர் புரியாமல் சிரித்துவிட்டுப் போனார்.

சிறுமி வகுப்புக்கு ஓடினாள். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“நீங்க வேலையில இருந்தப்ப எங்காளுங்களுக்கு நெறையப் பேருக்குக் குடுத்துருப்பீங்கல்ல சார்?”

ஒருவர் நினைவுக்கு வந்தார். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தவர். உங்கள் பாட்டு ஒன்று பாடுங்கள் என்றேன். கூச்சமாக இருக்கிறது என்றார். ‘தோற்றமும் பேச்சும் பழங்குடியினருக்கு உரியவையாகத் தெரியவில்லை’ என்று அறிக்கை எழுதினேன். எனக்கு முன்னிருந்தவர் எழுதிய வாக்கியம் அது. நல்ல வாக்கியமாக இருந்ததால் பல கோப்புகளில் பயன்படுத்தினேன். அவருக்கும் பள்ளியில் சேர்க்க ஒரு பிள்ளை இருந்ததாக மனுவில் இருந்தது.

“நிறையப் பேரை விசாரித்திருக்கிறேன்” என்றேன்.

“அதான் சார், உங்களுக்கு எங்க கஷ்டம் தெரிஞ்சிகீது” என்று அவர் இன்னொரு முறை கும்பிட்டார்.