ஆள் இருக்கும் வண்டியைத் தூக்காதே

'காதுல பூ சுத்தாதே' என்று நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். சொல்லுங்கள். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் இது நடந்தது. என் மச்சானுக்கு நடந்தது. பொய் சொல்ல அவனுக்குச் சாமர்த்தியம் போதாது. என் தங்கையிடம் எந்தப் பொய்யைச் சொன்னாலும் வாசற்படி தாண்டுவதற்குள் மாட்டிக்கொள்வான்.

மச்சான் டோயிங் வண்டி ஓட்டுகிறான். எல்லாரும் அவனைக் கூப்பிடுவது கொக்கி என்றுதான். அடுத்தவர் இடத்தில் நிறுத்திய காரை இழுத்துக்கொண்டு போகிற பிழைப்பு. அவன் வாங்காத திட்டு இல்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நிற்பான். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விடமாட்டான். கொக்கியை மாட்டுவதற்கு முன் கார்க் கண்ணாடியைத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பான். ஒருமுறை, பின்சீட்டில் குழந்தை தூங்குவது தெரியாமல் அவனுடைய முதலாளி ஒரு காரைத் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர்கள் ஷெட்டில் அதுதான் சட்டம். உள்ளே இருப்பது நாயாக இருந்தாலும் சரி, தூக்கக்கூடாது.

அன்று சாயங்காலம் ஆறு மணி. வெளுத்து வாங்குகிற மழை. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் கூப்பிட்டார்.

"உடனே வாங்க. மூணாவது மாடிக்காரங்க இடத்துல ஒரு வெள்ளைக் கார் வந்து வந்து நிக்குது. யாருதுன்னே தெரியல. விட்டதையும் யாரும் பாக்கல, எடுத்ததையும் யாரும் பாக்கல. இப்பவும் வந்து நிக்குது."

கொக்கி போனான். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கார் நின்றது. வழக்கம்போல முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. இப்போதுதான் வந்த கார் சூடாக அல்லவா இருக்க வேண்டும்? வெளியே அவ்வளவு மழை... காரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டயரில்கூட இல்லை.

செயலாளர் கொஞ்சம் தள்ளி நின்று ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கொக்கி கண்ணாடியைத் தட்டினான்.

டக்... டக்...

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டக்... டக்...

கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும்.

"தூக்கிடாதீங்க தம்பி. அவர் மேல போயிருக்கார். இது எங்க பழைய வீடு. காலி பண்ணினது அவருக்கு மறந்து மறந்து போகுது."

"கூப்பிடுங்களேன்மா."

"கூப்பிட்டுப் பாத்துட்டேன். நான் கூப்பிட்டா அவருக்குக் கேக்கறதில்ல."

முதுகுக்குப் பின்னால் செயலாளர் வந்து நின்றார். "யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

"வண்டியில ஆள் இருக்காங்க சார்."

செயலாளர் காரைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்.

கொக்கி மூன்றாவது மாடிக்கு ஏறினான். வீட்டில் ஆள் இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்று, சாவியைத் துவாரத்தில் நுழைத்துக்கொண்டே இருந்தார். அது நுழையவில்லை.

"பூட்டு மக்கர் பண்ணுது தம்பி. உள்ளதான் இருக்கா. குளிக்கிறா போல. திறப்பா."

எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ... கொக்கிக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா கீழ வண்டியிலதான் இருக்காங்க ஐயா. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? கோவமா இருக்காளா?"

"இல்லீங்க ஐயா."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தலையைக் கையால் வாரிக்கொண்டார். கொக்கியின் கையைப் பிடித்தபடி, அவசர அவசரமாக இறங்கினார்.

கீழே வந்தார்கள்.

கார் பூட்டியிருந்தது.

உள்ளே யாரும் இல்லை.

பெரியவர் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்... பிறகு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அது வருவதைக் கொக்கி கண்ணால் பார்த்தான்.

"அவ போயிட்டாளா?" என்றார். "ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?"

விக்கி விக்கி அழுதார். கொக்கியும் அழுதான். என்னிடம் சொல்லும்போதுகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நல்லது பண்றேன்னு போயி, சாவுச் சேதியை இன்னொரு தடவை சொல்லிட்டேனே மச்சான்" என்றான்.

பெரியவரின் சட்டைப் பையில் மகளின் ஃபோன் நம்பர் இருந்தது. கூப்பிட்டான்.

"வேலையில இருக்கேன் அண்ணா. தயவுசெஞ்சு வீட்டுல கொண்டுவந்து விட்டுடுங்க. நானும் இதோ கிளம்பிடறேன்."

மறுபடி கண்ணாடியைத் தட்டினான். பதில் இல்லை. முன்சக்கரங்களைத் தூக்கி மாட்டினான். பெரியவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினான்.

பாதி வழியில் அவர் அழுகை நின்றது. திரும்பி, பின்பக்கக் கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்தார். சிரித்தார்.

"கொஞ்சம் மெதுவா போப்பா. குலுங்கினா அவளுக்கு முதுகு வலிக்கும்."

கொக்கி திரும்பிப் பார்க்கவில்லை.

மெதுவாகப் போனான்.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். அப்பாவை இறக்கிவிட்டுக் காரைப் பார்த்தவள் திகைத்துப் போனாள்.

"இது எப்படிண்ணா உங்ககிட்ட வந்துச்சு?"

"அப்பாதான்மா ஓட்டிட்டு வந்திருக்கார். இனிமே சாவியை அவர் கைக்கு எட்டாம வைங்க."

"அப்பாவுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது அண்ணா."

"அப்ப..."

"அம்மாதான் ஓட்டுவாங்க. அவங்க போனதுலேர்ந்து இது இந்த இடத்தை விட்டு நகரவே இல்ல. காலையில நான் போறப்பவும் இங்கதான் நிக்கும், ராத்திரி வர்றப்பவும் இங்கதான் நிக்கும்."

"சாவி?"

"அது ஒண்ணுதான் இருந்துச்சு. இனிமே யார் ஓட்டப் போறாங்கன்னு, போன வருஷம்... அம்மா கையிலயே வச்சு அனுப்பிட்டோம்."